பைன் மரத்தின் முன்பக்கம்

2010ஆம் ஆண்டு, போர் முடிந்து பாதை திறந்த புதிதில், ஊர்காவற்றுறை மருந்துக்கடையில் வேலை செய்த ஐந்து பேரையும் முதலாளி அன்ரனிதாஸ் ஒரு வான் வண்டியில் ஏற்றி மலைநாடு காட்டக் கூட்டிப்போனார். பண்டாரவளைக்குக் கிட்ட ஒரு பைன் காட்டோரம் வானை நிறுத்தினார்கள். மற்றவர்கள் மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நிமலினி தெருவோர வடிகானுக்குள் குனிந்து பார்த்தாள். சீமெந்து வெடிப்பில் விரல் நீளத்தில் ஒரு பைன் கன்று நின்றது. அடுத்த பெருமழைக்கு அள்ளிக்கொண்டு போய்விடும் இடம். தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் கிளறி, கன்றை ஒரு பிடி மண்ணோடு எடுத்து, வெறும் யோகட் கோப்பை ஒன்றில் வைத்தாள்.

"உது கரம்பொனிலை நிக்காது, பிள்ளை," என்றார் அன்ரனிதாஸ். "உப்புக்காத்து. ஒரு மாசம் தாங்காது."

"பாப்பம்," என்றாள் நிமலினி.

அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஆரூரனைக் கட்டி ஆறு வருடம். அவன் வீடுகளுக்கு வயரிங் செய்பவன், அதிகம் பேசமாட்டான். இருவரும் தீவுக் கிராமமான கரம்பொனில் ஆரூரனின் மூத்த தமக்கை சறோஜினிதேவியின் வளவிலேயே தனி வீடு கட்டி இருந்தார்கள். தாய் இறந்தபோது ஆரூரனுக்கு எட்டு வயது. அவனைத் தூக்கி வளர்த்தது சறோஜினிதேவிதான். அவவுக்கு இருந்த ஒரே ஆசை, தம்பியின் பிள்ளையை மடியில் வைத்திருப்பது. ஒவ்வொரு வெள்ளியும் குறிகட்டுவானுக்குப் போய் வள்ளம் ஏறி, நயினாதீவு அம்மனுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவா.

கன்று ஒரு மாதம் தாங்கியது. பிறகு ஒரு வருடம். கிணற்றுத் தண்ணீரை ஊற்றியபோது ஊசியிலைகளின் நுனி சிவந்து கருகியது. அந்தக் கிணற்றில் உப்பும் சுண்ணாம்பும் அவ்வளவு. மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்தாள். அது ஆனியோடு தீர்ந்துபோனது. ஒரு நாள் கடையில், மருந்துகள் கெடாமல் இருக்க இரவும் பகலும் ஓடிய ஏசியின் குழாயிலிருந்து பின்முற்றத்தில் தண்ணீர் சொட்டுவதைக் கண்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை. அன்று முதல் குழாயின் கீழே ஒரு பிளாஸ்ரிக் கான் வைத்து, மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் முதலில் மண்ணெண்ணெய் என்று நினைத்துச் சண்டை பிடித்தார். பிறகு பழகிவிட்டது.

மரத்தைச் சிறிதாக வைத்திருக்கும் கலைக்குப் பொன்சாய் என்று பெயர் என்பதை அவள் கைபேசியில்தான் அறிந்தாள். யப்பானியக் கிழவர் ஒருவரின் காணொளிகள். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருடைய கைகளை மட்டும் பார்த்தாள். முதல் நாலு வருடம் அடி பருக்கட்டும் என்று ஒரு பெரிய வாளிக்குள் விட்டுவிட்டாள். பிறகு தட்டையான சட்டிக்கு மாற்றினாள். உடைந்த ஓடுகளை இடித்து அரித்து மண்ணாக்கினாள். வேரில் வெள்ளை நூல்போல ஏதோ படர்ந்திருக்கக் கண்டு அழுகல் என்று பயந்து கழுவப்போனவள், கடைசி நேரத்தில் விசாரித்துப் பார்த்தாள். பைனுக்குச் சாப்பாடு ஊட்டுவதே அந்தப் பூஞ்சணம்தான் என்று தெரிந்தது. கைகளை எடுத்துக்கொண்டாள்.

கிளைகளை வளைக்கக் கம்பி வேண்டியிருந்தது. ஆரூரன் வேலையில் மிஞ்சிய செப்புக்கம்பித் துண்டுகளை உரித்து, சிரட்டை நெருப்பில் சுட்டு இளக்கிக் கொடுத்தான்.

"இப்பிடிச் சுட்டால்தான் வளையும்," என்றான். "ஆனா ஒருக்கா வளைச்சிட்டால் பேந்து இறுகிப்போம்."

"எனக்கு அதுதான் வேணும்," என்றாள்.

கம்பியைச் சுற்றி, கிளையைக் கீழே இறக்கி, எட்டு மாதம் விட்டு, அது மரத்துக்குள் புதையத் தொடங்குமுன் வெட்டி எடுத்தாள். புதிய குருத்துகள் மெழுகுதிரிபோல நிமிரும்போது அவற்றைப் பாதியில் கிள்ளினாள். அடுத்து வந்த இலைகள் கொஞ்சம் குட்டையாக வந்தன. ஒரு சாணாக இருந்த இலை, ஒன்பது வருடத்தில் விரல் நீளத்துக்கு வந்தது. மரம் அவளுடைய முழங்கை உயரத்தில் நின்றது. அதில் அவளுக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை மறைக்கவுமில்லை.

அதற்குள் இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில் போனது.

சறோஜினிதேவி ஒரு சாத்திரியிடம் போனா. வளவுக்குள் வளரவிடாமல் வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னாராம். அன்று பின்னேரமே வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றா.

"நிமலினி, உந்த மரத்தைக் கொண்டுபோய் ஆருக்கேன் குடுத்துவிடு. வளரிற உயிரைக் கட்டிவைச்சால் வீட்டிலை எப்பிடிப் பிள்ளை வளரும்?"

"அது வளராமல் இல்லை, மச்சாள். வருசா வருசம் வளருது. எந்தப் பக்கம் வளரவேணும் எண்டதைத்தான் நான் சொல்லுறன்."

"எல்லாத்துக்கும் மறுகதை சொல்லு."

"குடுக்கமாட்டன், மச்சாள். இதிலை கதைக்க ஒண்டுமில்லை."

அதன்பிறகு ஊரில் யார் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் ஒரு பெண்ணாவது மரத்தைப் பற்றிக் கேட்டாள். சிலர் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். சிலர் அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். "நல்லா இருக்கு, ரெண்டு கிளை கூட வந்திருக்கு," என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

2019இல் நிமலினிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கருப்பையில் கட்டிகள். எடுத்துவிடுவதுதான் வழி என்றார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தாள். சறோஜினிதேவி ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி சூப் கொண்டுவந்தா. கட்டிலருகே கதிரையில் இருந்து கரண்டியால் பருக்கினா. எட்டாம் நாளோடு அவவின் வரவு நின்றது. கால் வலி என்று ஆரூரன் சொன்னான். சொல்லும்போது சுவரைப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பிய நாள், ஓட்டோ வளவுக்குள் வந்து நின்றதும் நிமலினி நேரே வீட்டுக்குள் போகவில்லை. தையல் இழுக்க, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சட்டி வைத்திருந்த கிணற்றடிப் பக்கம் நடந்தாள்.

மரம் வெட்டப்பட்டிருந்தது. மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடிமரம் முடிந்துபோயிருந்தது. ஒரே வெட்டில் போகவில்லை. முதல் இரண்டு வெட்டும் பாதியில் நின்று வாய் பிளந்திருந்தன, மூன்றாவதுதான் அறுத்திருந்தது. காயத்திலிருந்து பிசின் வடிந்து கட்டிகட்டியாகக் காய்ந்திருந்தது. அந்தப் பைன் மணம் கிணற்றடி முழுக்க நின்றது. வெட்டிய மேல்பாதி வேலியோரம் ஊசிகள் வாடிக் கிடந்தது. கடைசி வெட்டுக்குக் கீழே, பின்பக்கமாக, ஒரு கிளை தப்பியிருந்தது. விரல் மொத்தம். வடிவில்லாதது என்று இரண்டு தடவை வெட்ட நினைத்து, பிறகு பார்ப்போம் என்று விட்ட கிளை.

ஆரூரன் பின்னால் வந்து நின்றான்.

"உங்களுக்குத் தெரியுமோ?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"வெட்டினாப் பிறகுதான் தெரியும். ஆஸ்பத்திரியிலை வைச்சு உமக்கு எப்பிடிச் சொல்லுறது?"

"அக்காவை என்ன கேட்டனீங்கள்?"

அவன் வேலியோரம் கிடந்த மேல்பாதியைக் காலால் ஒதுக்கினான். அவன் ஒன்றும் கேட்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது.

அவள் அப்படியே அடுத்த வீட்டுக்கு நடந்தாள். ஆரூரன் "நாளைக்குக் கதைக்கலாம், போய்ப் படும்" என்று பின்னால் வந்தான். சறோஜினிதேவி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. அவளைக் கண்டதும் எழும்பவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"ஓம், நான்தான்," என்றா, கேட்குமுன்னமே. "உன்ரை வயித்தைத் திண்டது அந்த மரம். பத்து வருசம் நான் அம்மனுக்குப் பால் சுமந்தனான். நீ அதுக்குத் தண்ணி சுமந்தனி. கடைசியிலை ஆர் வெண்டது எண்டு பாத்தியா? இனி எனக்கு என்ன கிடக்கு?"

நிமலினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை வயித்தை வெட்டினது டொக்டர், மச்சாள். நான் கையெழுத்து வைச்சு, சம்மதம் சொல்லி வெட்டினது. மரத்தை வெட்டினது நீங்கள். என்னட்டைக் கேக்கேல்லை. ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ."

"இப்பவும் உனக்கு மரம்தான்..."

"இருங்கோ, நான் முடிக்கேல்லை. பிள்ளை இல்லை எண்டது என்ரை கவலை. உங்களுக்கும் கவலை எண்டு எனக்குத் தெரியும். அதுக்காண்டி என்னை ஒரு குறைச்சலான ஆளா நான் நினைக்கப்போறதில்லை. நீங்களும் நினைக்கக்கூடாது. மரத்திலை ஒரு கிளை மிஞ்சியிருக்கு. அது சாகாது. சாக நான் விடமாட்டன்."

அவள் திரும்பி வந்தாள். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் ஆரூரனிடம் சொன்னாள்:

"அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படலைக்கு முன்னாலை வையுங்கோ. தெருவாலை போறவைக்குத் தெரியவேணும்."

ஆரூரன் தயங்கினான். வளவின் வெளிவாசலான அந்தப் படலை தமக்கையின் வாசலுக்கு நேரே இருந்தது. காலையில் கதவு திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த இடம்தான்.

"அக்கா ஒவ்வொரு நாளும் பாக்கவேண்டி வரும்," என்றான்.

"ஓம். நானும்தானே பாக்கப்போறன்."

அவன் போய்ச் சட்டியைத் தூக்கினான். மதில் தூண் உயரத்துக்கு நாலு சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் வைத்தான். சறோஜினிதேவி யன்னலுக்குப் பின்னால் நின்றதை இருவரும் கண்டார்கள். அக்காவின் கண் முன்னே அவவுக்குப் பிடிக்காத ஒன்றை ஆரூரன் செய்தது அதுதான் முதல் தடவை.

அப்போது நிமலினி கொழும்பிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பொன்சாய் வட்சப் குழுவில் இருந்தாள். படத்தைப் போட்டுக் கேட்டாள். ஒருவர் உடனே எழுதினார்: இந்தப் பைன் இனமே பொன்சாய்க்கு உதவாது, இலை நீளம். அதிலும் இது முடிந்துபோன மரம். எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். கீழே பதினாலு பேர் கட்டைவிரல் உயர்த்தும் குறியைப் போட்டிருந்தார்கள். "எனக்குப் புதுசு வேண்டாம்" என்று எழுதிவிட்டு அவள் குழுவிலிருந்து வெளியேறினாள்.

ஒரு வருடம் மரத்தில் கை வைக்கவில்லை. ஒரு குருத்தையும் கிள்ளவில்லை. மிஞ்சிய கிளை தன்பாட்டுக்கு நீளட்டும் என்று விட்டாள். அவளுடைய உடம்பும் தேறுவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது. இரவில் வேர்த்து எழும்பினாள். காரணமில்லாமல் அழுகை வந்தது. வேலைக்குப் போனாள். தண்ணீர் சுமந்தாள்.

இரண்டாம் வருடம் கிளைக்குக் கம்பி சுற்றினாள். எல்லோரும் செய்வதுபோல அதை நிமிர்த்திப் புதிய தலையாக்கியிருக்கலாம். ஐந்து வருடத்தில் வெட்டு மறைந்துவிடும். அவள் அப்படிச் செய்யவில்லை. கிளையைப் பக்கவாட்டில் இழுத்து, சட்டியின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் இறக்கி, நுனியை மட்டும் மேலே திருப்பினாள். ஆரூரன் மற்றப்பக்கம் நின்று பிடித்துக்கொண்டான். ஒரு இடத்தில் பட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. கிளை முறியவில்லை.

வெட்டுப்பட்ட மொட்டை அடிமரத்தை அப்படியே விட்டாள். பட்டையை மட்டும் உரித்தாள். கட்டை உக்காமலிருக்கக் கடையிலிருந்து கந்தகம் வாங்கி, சுண்ணாம்போடு காய்ச்சி, நாற்றம் ஊரெல்லாம் அடிக்க, அந்த மரக்கட்டையில் பூசினாள். வெயிலில் அது எலும்புபோல வெளுத்தது. மூன்று வெட்டும் முன்னிலும் தெளிவாகத் தெரிந்தன.

2022இல் மின்வெட்டு வந்தது. ஏசி ஓடவில்லை, தண்ணீர் சொட்டவில்லை. மழைப் பீப்பா காய்ந்துபோனது. பவுசர் லொறியில் வரும் குடிதண்ணீர் வளவுக்கு மூன்று வாளி. ஒருநாள் காலை அவள் ஒரு செம்புத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றுவதைச் சறோஜினிதேவி கண்டா. மூன்று வருடத்தில் அவவாக வந்து பேசியது அன்றுதான்.

"குடிக்கிற தண்ணியை உதுக்கு ஊத்துறியே?"

"என்ரை பங்கைத்தான் ஊத்துறன். உங்கடை வாளி அங்கை கிடக்கு, பாருங்கோ, குறையேல்லை."

சறோஜினிதேவி வாளியைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனா.

அந்த வருடம் முழுக்க நிமலினியின் உதடு வெடித்திருந்தது. மரத்தில் பதினேழு புதிய குருத்து வந்தது.

2025 ஆடியில் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் பூமரக் கண்காட்சி என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பொன்சாய்க்குத் தனிப்பிரிவு. நிமலினி பெயர் கொடுத்தாள். அன்று ஆரூரனுக்கு வேலணையில் விடமுடியாத வேலை. ஓட்டோ வந்து நின்றபோது சறோஜினிதேவி சீலை உடுத்து, கையில் குடையோடு படலையடியில் நின்றா.

"சட்டியைத் தனிய எப்பிடிப் பிடிப்பாய்? நானும் வாறன்," என்றா.

நிமலினி ஓட்டோவுக்குள் நகர்ந்து இடம் விட்டாள்.

மண்டபத்தில் ஆல், அரசு, போகன்வில்லா என்று இருபது பொன்சாய்கள் இருந்தன. பைன் ஒன்றுதான். கூட்டம் அதைச் சுற்றி நின்றது. நடுவர் அப்புத்துரை கொழும்பிலிருந்து வந்தவர், நாற்பது வருடமாக இந்தக் கலையில் இருப்பவர். மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். இலையின் நீளத்தை விரலால் அளந்தார்.

"இந்த இனத்தில் இவ்வளவு சின்ன இலையை நான் கண்டதில்லை," என்றார். "எத்தனை வருடம்?"

"பதினைஞ்சு."

"தீவிலா? உப்புத் தண்ணீரிலா?"

"ஓம், தீவிலை. தண்ணி வேறை."

அவர் சிரித்தார். பிறகு சட்டியின் விளிம்பைப் பிடித்து, மெதுவாக அரைவட்டம் திருப்பினார். மொட்டை அடிமரம் பின்னால் போனது. பச்சை மட்டும் முன்னால் வந்தது. சுற்றி நின்றவர்கள் "ஆ" என்றார்கள். உண்மையாகவே அழகாக இருந்தது.

"பாருங்கள், அம்மா. இதுதான் இந்த மரத்தின் முன்பக்கம். அந்த வெட்டு முரடாக இருக்கிறது. இயற்கையாக முறிந்ததுபோல இல்லை. இப்படி வைத்தால் நான் முதலிடம் போடுவேன்."

நிமலினி இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துப் பழையபடி திருப்பி வைத்தாள்.

"முன்பக்கம் இதுதான், ஐயா."

"விதிப்படி பார்த்தால்..."

"விதி உங்களுக்குத் தெரியும். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. மரம் எனக்குத் தெரியும். ஒளிச்சு வைக்கிறதுக்கு இதிலை ஒண்டுமில்லை. பரிசு வேண்டாம்."

அவர் கோபப்படவில்லை. வெட்டை மறுபடி கிட்ட வந்து பார்த்தார். "இடி விழுந்ததா?"

"இல்லை. கத்தி."

"யார் இப்படி வெட்டியது?"

பெயரைச் சொல்லித் தன் வீட்டு ஆளைச் சபையில் நிறுத்த நிமலினிக்கு மனமில்லை. பொய் சொல்லவும் மனமில்லை. அந்த இடைவெளியில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சறோஜினிதேவியின் குரல் வந்தது.

"நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். அவ குடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா.

"நான்தான் வெட்டினனான். இவள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை. மூண்டு தரம் வெட்டினனான். அது சாகேல்லை."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அப்புத்துரை தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். முதலிடம் ஓர் ஆலமரத்துக்குக் கிடைத்தது. பைனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மாலைவரை அதைச் சுற்றி நின்ற கூட்டம் குறையவில்லை. ஒரு பெண் நெடுநேரம் அந்த வெட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் நிமலினியின் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும்போது சட்டி இருவருக்கும் நடுவே இருந்தது. பண்ணைப் பாலமும் தாண்டி, அராலிச் சந்தி கழிந்தபிறகு சறோஜினிதேவி மெதுவாகக் கேட்டா:

"என்னை மன்னிப்பியோ, நிமலினி?"

நிமலினி யோசித்தாள். ஓம் என்று சொல்வது எளிது. இந்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு பேச்சு வரும் என்று நினைத்துப் பார்த்ததும் உண்டு.

"ஏலாது, மச்சாள்," என்றாள். "மரத்துக்காண்டி எண்டால் எப்பவோ மன்னிச்சிருப்பன். நீங்கள் என்னை அந்த நேரத்திலை ஒரு பட்டுப்போன ஆளாப் பாத்தனீங்கள். அது இன்னும் போகேல்லை. போனால் சொல்லுறன்."

சறோஜினிதேவி தலையை ஆட்டினா. கோபமில்லை, அழுகையுமில்லை.

"சரி. ஆனா இண்டைக்கு அந்த மனிசன் சட்டியைத் திருப்பேக்கை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீ திருப்பாட்டி நான் போய்த் திருப்பியிருப்பன்."

நிமலினி அவவைத் திரும்பிப் பார்த்தாள். ஓட்டோ ஒரு குழியில் விழுந்து எழும்பியது. இருவருடைய கைகளும் ஒரே நேரத்தில் சட்டியைப் பிடித்தன.

"கம்பியிலை பிடிக்காதேங்கோ," என்றாள் நிமலினி. "அடியிலை பிடியுங்கோ."